மாஸ்டரிடம் கேளுங்கள்: டாங்கோ வாசிக்கும் வயலின்காரர்கள்

சென்ற இதழில், கண்டியில் நான் கேட்ட ஒரு மாலைக் கச்சேரியைப் பற்றி எழுதியிருந்தேன். வயலின், செலோ, பியானோ, டபுள் பேஸ். நால்வரும் பாஹ், பிராம்ஸ் என்று மேலைச் சாஸ்திரிய இசையில் வளர்ந்தவர்கள். அன்று வாசித்ததோ முழுக்க ஆர்ஜென்டினாவின் டாங்கோ. வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருவது "எந்த வயதில் வயலின் தொடங்கலாம்?", "கீபோர்டு வாங்கினால் போதுமா?" போன்ற கேள்விகள்தான். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டாங்கோ. கீபோர்டுக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*ஹட்டனிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவர்: சேர், நானும் அந்தக் கச்சேரிக்கு வந்திருந்தேன். டிரம், தபேலா எதுவுமே இல்லை. ஆனாலும் என் கால் சும்மா இருக்கவில்லை. தாளம் எங்கிருந்து வந்தது?*

வயலின்காரரையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள், தம்பி. தாளம் முழுக்க டபுள் பேஸிலும் பியானோ வாசித்தவரின் இடது கையிலும் இருந்தது. டாங்கோ குழுக்களில் டிரம் வைப்பது வழக்கமில்லை. 1924இல் வயலின்காரர் ஹூலியோ தெ காரோ அமைத்த அறுவர் குழுவில் இரண்டு வயலின், இரண்டு பாண்டோனியன் (மடியில் வைத்து வாசிக்கும் துருத்திப் பெட்டி), ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ். பின்னால் வந்த பல குழுக்களுக்கு அதுதான் அச்சு. தட்டுவதற்கென்று தனியாக ஒருவர் இல்லாததால் ஆறு பேரும் தட்டியாக வேண்டியதாயிற்று.

அடிப்படை அடிக்கு மார்காட்டோ என்று பெயர். நாலு எண்ணிக்கையில் ஒன்றும் மூன்றும் கனமாக விழும், இரண்டும் நாலும் இலேசாகப் போகும். சில குழுக்களில் நாலுமே கனம்தான். ஆனால் உங்கள் காலை ஆட்டிவைத்தது வெறும் அடி அல்ல, அடிக்கு முந்திய இழுப்பு. பேஸ்காரர் வில்லை எண்ணிக்கைக்கு ஒரு கணம் முன்பே போட்டு, இழுத்துக்கொண்டே வந்து 'ஒன்று' மேல் இறக்குவார். அதை அர்ராஸ்த்ரே என்பார்கள். பியானோக்காரர் அதையே இடது கையில் கீழ்ச் சுரங்களைச் சேர்த்து வழித்துக்கொண்டு வந்து செய்வார். ஒஸ்வால்தோ புக்லியேசேயின் குழு 1946இல் பதிவுசெய்த 'லா யும்பா'வைக் கேட்டால் நான் சொல்வது முதல் நிமிடத்திலேயே புரிந்துவிடும்.

இன்னொன்றும் அன்று நிறைய வந்தது, ஆர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசொல்லாவின் பாட்டுகளில் குறிப்பாக. நாலு எண்ணிக்கையை எட்டு அரைகளாக்கி, அவற்றை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது. பரதநாட்டிய வகுப்பு வாசலில் நின்றவருக்குக்கூட இது தெரியும்: தகிட தகிட தக. வாயால் இதைச் சொல்லிக்கொண்டே காலால் நாலு எட்டு நடந்து பாருங்கள். முதல் 'த' காலோடு சேர்ந்து விழும். இரண்டாவது தகிடவின் 'த' இரண்டு எட்டுக்கு நடுவில், காற்றில் விழும். கடைசித் தகவின் 'த' மறுபடி காலோடு சேரும். அந்த நடு 'த'தான் ஆளைத் தூக்குகிறது. ஒரு வேண்டுகோள்: சமதரையில் நடந்து பழகுங்கள். டாங்கோ பிறந்த பியூனஸ் அயர்ஸ் தட்டையான ஊர். ஹட்டன் ஏற்றத்தில் இதைச் செய்தால் மூன்றாவது எட்டிலேயே தாளம் இழுபட்டுவிடும்.

*மஸ்கெலியாவிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்: அன்பின் மாஸ்டர், டாங்கோ என்பது கிளப்புகளில் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடுவது. துரைமார் கிளப்பில் நானே பார்த்திருக்கிறேன். அதைப் போய்ச் சாஸ்திரிய இசை படித்தவர்கள் கோட்டும் சூட்டும் போட்டு உட்கார்ந்து வாசிப்பது ஏன்?*

ஐயா, துரைமார் கிளப்பில் நீங்கள் பார்த்தது ஐரோப்பா போய்ச் சலவை செய்யப்பட்டு வந்த டாங்கோ. அது பிறந்த இடம் வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பியூனஸ் அயர்ஸிலும் ஆற்றுக்கு அக்கரையில் மொன்டெவிடியோவிலும், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகள், நாட்டுப்புறத்திலிருந்து வந்த கூலிகள் எல்லாரும் ஒரே வீட்டில் அறைக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்தார்கள். முற்றமும் தண்ணீர்க் குழாயும் எல்லாருக்கும் பொது. தோட்டத்து லயத்தில் பிறந்த நமக்கு அந்த வீட்டைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அந்த முற்றங்களிலும், கூச்சப்படாமல் சொல்வதானால் விபச்சார விடுதிகளிலும்தான் டாங்கோ வளர்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பாரிஸ் அதற்குப் பைத்தியமானது. அப்புறம்தான் பியூனஸ் அயர்ஸ் சீமான்களுக்கும் அது கௌரவமானது. தப்பைத் தொடத் தயங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மேடையேறித் தப்படிப்பதைப் பார்க்கிறோமே, அந்தக் கதைதான்.

சாஸ்திரிய இசை படித்தவர்கள் நேற்று இதற்குள் நுழையவும் இல்லை. தெ காரோவின் தந்தை மேலைச் சாஸ்திரிய இசை கற்பித்தவர். மகன் டாங்கோவுக்குப் போனதை அவரால் ஏற்க முடியவில்லை. பியாசொல்லாவின் கதை இன்னும் ருசியானது. 1921இல் ஆர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டாவில் பிறந்து, நியூயோர்க்கில் வளர்ந்தவர். 1939இல் அனிபால் டிராய்லோவின் நடனக் குழுவில் சேர்ந்தார். இரவு பாண்டோனியன் வாசிப்பு, பகலில் ஆல்பர்டோ ஹினாஸ்டெராவிடம் சாஸ்திரிய இசை அமைக்கும் கல்வி. குழுவுக்காக அவர் எழுதிக் கொடுத்த அலங்காரங்களை (எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற அமைப்புகளை), "இதற்கு ஆட முடியாது" என்று டிராய்லோ இறப்பர் எடுத்து அழித்துவிடுவாராம். 1953இல் அவருடைய சிம்பொனி ஒன்று அரங்கேறியபோது, சிம்பொனிக் குழுவுக்கு நடுவில் பாண்டோனியனை உட்காரவைத்தது பிடிக்காமல் சபையில் கைகலப்பே நடந்தது. அடுத்த ஆண்டு பாரிஸில் நாடியா பூலாஞ்சே என்ற இசை ஆசிரியையிடம் படிக்கப் போனார். தான் டாங்கோக்காரன் என்பதை அந்த அம்மையாரிடம் முதலில் மறைத்தார். அவர் விடாமல் கேட்டு, ஒரு டாங்கோவை வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு, உண்மையான பியாசொல்லா இங்கேதான் இருக்கிறார், இதை விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினார்.

அதன்பின் 1960இல் அமைத்த ஐவர் குழுவில் பாண்டோனியன், வயலின், பியானோ, மின்கிட்டார், டபுள் பேஸ். அவர் இதை ஆடுவதற்கு எழுதவில்லை, உட்கார்ந்து கேட்பதற்கு எழுதினார். ஆகவே கோட்டும் சூட்டும் போட்டு உட்கார்ந்து வாசிப்பதில் தவறொன்றும் இல்லை, ஐயா. கட்டிப்பிடிப்பது உங்களுக்கு உறுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

*பெயர் வேண்டாம், கொட்டகலை: மாஸ்டர், நீங்கள் டாங்கோ ஆடுவீர்களா?*

மழைக்காலத்தில் என் முழங்கால் கதவு திறக்கவே சம்மதிப்பதில்லை.

*பண்டாரவளையிலிருந்து ஓர் இசை ஆசிரியை: சேர், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பியாசொல்லாவின் 'ஒப்லிவியன்', 'லிபர்டாங்கோ' இரண்டையும் பழகியிருக்கிறோம். சுரங்கள் சுத்தம், சேர்ந்தே தொடங்கிச் சேர்ந்தே முடிக்கிறோம். கேட்பவர்களும் அழகு என்கிறார்கள். ஆனால் டாங்கோ மாதிரி இல்லை என்று எங்களுக்கே தெரிகிறது. எது குறைகிறது?*

இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான், டீச்சர். பல பெயர்பெற்ற குழுக்களின் பதிவுகளைக் கேட்டாலும் இதே கேள்வி எனக்குள் எழும்.

நீங்கள் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து முடிக்கிறீர்கள். நடுவில் மெட்டு உருகும் இடத்தில் நால்வரும் சேர்ந்தே மெதுவாகிறீர்கள், இல்லையா? நாம் படித்த பள்ளிக்கூடம் அப்படி. பிராம்ஸில் ஒருவர் மூச்சு வாங்கினால் மற்ற மூவரும் காத்திருப்போம். டாங்கோவில் யாரும் காத்திருக்கக் கூடாது. மெட்டு வாசிப்பவர் தாமதிக்கலாம், வாக்கியத்தின் நடுவில் அவசரப்பட்டு முந்திக்கொள்ளலாம், கடைசி நொடியில் வந்து சேரலாம். கீழே பேஸும் பியானோவும் தம்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். இப்படி மெட்டைத் தளர்த்துவதை அவர்கள் ஃப்ரசேயோ என்பார்கள். இசைத் தாளிலே அது இருக்காது. தாளில் நாலு சமமான சுரம் எழுதியிருக்கும். டாங்கோவின் புகழ்பெற்ற பாடகர் கார்லோஸ் கார்தேல் பாடினால் அந்த நாலில் ஒன்றுகூட மற்றதன் நீளத்தில் இராது. எழுதியதை எழுதியபடி வாசிப்பதுதான் உங்கள் சுத்தத்தில் இருக்கும் குறை.

அதற்கு மருந்து, ஒரு மாதம் பியாசொல்லாவை மூடிவைப்பது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்கள் எல்லாரும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறோம், ஏனென்றால் அவருடைய தாள்கள் கடையில் கிடைக்கின்றன, வயலின்காரர் கிடோன் கிரேமர் 1996இலும் செலோக்காரர் யோ யோ மா 1997இலும் வெளியிட்ட இசைத்தட்டுகள் வழியாகத்தான் அவர் சாஸ்திரிய வாத்தியக்காரர்கள் பலரின் காதுக்கு வந்தார். அவை நல்ல இசைத்தட்டுகள். ஆனால் பியாசொல்லா எதை உடைத்தாரோ அது உங்கள் காதில் இல்லாவிட்டால், அவர் உடைத்ததும் தெரியாது. முதலில் கார்லோஸ் தி சார்லியின் குழு வாசித்த 'பஹியா பிளாங்கா'வைக் கேளுங்கள். வயலின்கள் எல்லாம் ஒன்றாகப் பாட, தி சார்லியின் இடது கை கீழே தனியாக ஒரு கதை சொல்லும். பிறகு ஹுவான் தாரியென்சோ, கறாரான அடிக்காக. பிறகு டிராய்லோ. கடைசியில் புக்லியேசே. எல்லாம் யூடியூபில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் சொச்சம்தான், டேட்டாவுக்கும் பெரிய செலவில்லை. உட்கார்ந்து கேட்க வேண்டாம். வராந்தாவில் நடந்துகொண்டே கேளுங்கள்.

ஒத்திகையில் ஒரு வேலை செய்து பாருங்கள். மெட்டு வாசிப்பவரை வெளியே அனுப்பி, தேநீர் போடச் சொல்லுங்கள். மற்ற மூவரும் மெட்டே இல்லாமல் பாட்டு முழுவதையும் வாசியுங்கள். அது தனியாகவே நடக்கவேண்டும், தனியாகவே கேட்க ருசியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் மெட்டுக்காரர் திரும்பி வந்தும் பயனில்லை.

விப்ராட்டோவையும் (சுரத்தை விரலால் நடுக்குவது) பாதியாகக் குறையுங்கள். 'ஒப்லிவியன்' ஏற்கெனவே போதிய அளவு அழுகிறது, நாம் வேறு சேர்ந்து அழ வேண்டாம்.

டாங்கோ வயலினுக்கே உரிய சில சத்தங்களையும் கேட்டிருப்பீர்கள். பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பின்னால், நூல் சுற்றிய பகுதியில், வில்லின் அடிப்பகுதியை வைத்துக் கரகரவென்று தேய்ப்பது சிக்கார்ரா. கேட்பதற்குச் சில்வண்டு. மேல் தந்தியில் விரலைச் சட்டென்று மேலே இழுத்துவிடுவது லாத்திகோ. இடது விரலின் நகத்தைத் தந்திக்குப் பக்கவாட்டில் ஒட்டினாற்போல வைத்து வலது கையால் மீட்டினால் சிறிய டிரம் சத்தம் வரும், அது தம்போர். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், குதூகலிப்பார்கள். ஆனால் மேலே சொன்ன நடை வந்த பிறகு. நடை இல்லாமல் சிக்கார்ராவை மட்டும் போட்டால் சபையில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முடிந்ததும் பிரிட்ஜின் பின்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நம் ஈரத்தில் அங்கே படியும், வில்லில் பூசும் ரொசின் தூள் பிசினாகிவிடும்.

*லிந்துலையிலிருந்து ஒரு பஜனைக் குழுத் தலைவர்: பாண்டோனியன் என்பது நம் ஆர்மோனியம்தானா? எங்களிடம் நல்ல ஆர்மோனியம் இருக்கிறது. அதை வைத்து டாங்கோ வாசிக்கலாமா?*

இரண்டும் ஒரே குடும்பம், ஐயா. காற்றுப்பட்டு உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பவை. ஆனால் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடுகிறது. பாண்டோனியன் மடியில் வைத்து இரு கையாலும் திறந்து மூடுவது, இரு கையும் வாசிக்கும். அதில் வலப்பக்கம் 38, இடப்பக்கம் 33, ஆக 71 பொத்தான்கள். பொதுவாக ஒரே பொத்தான் திறக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறொரு சுரமும் தரும். ஆக ஒருவர் நான்கு அட்டவணைகளை மனப்பாடம் செய்யவேண்டும். கண்டுபிடித்தவர்களை நான் வாழ்த்தமாட்டேன்.

அது ஆர்ஜென்டினாவின் வாத்தியம்கூட இல்லை. ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரத்தின் ஹைன்ரிக் பாண்ட் என்பவர் பெயரால் வந்தது. டாங்கோக்காரர்கள் உயிராக மதித்த 'ஏஏ' முத்திரைப் பெட்டிகள் சாக்சனியில் கார்ல்ஸ்ஃபெல்ட் என்ற சிற்றூரில், ஆல்ஃபிரட் ஆர்னோல்டின் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே வேலை நின்றுபோனது. அதனால்தான் பழைய பெட்டிகளுக்கு இன்றும் அந்த மவுசு.

உங்கள் ஆர்மோனியத்தில் மெட்டு வாசிக்கலாம், ஆனால் அந்தக் கடிப்பு வராது. பாண்டோனியன்காரர் முழங்கால்மேல் பெட்டியை ஒரு இறக்கு இறக்கித் திறக்கும்போது அடி வெட்டினாற்போல விழும். அதற்குப் பதில் வேண்டுமென்றால் பைலா குழுக்களில் வாசிக்கும் பியானோ அக்கார்டியன் பொருத்தம். அதுவும் இல்லாவிட்டால் கிளாரினெட்டுக்கோ இரண்டாவது வயலினுக்கோ அந்த வரியைப் பிரித்துக் கொடுக்கலாம். கண்டியில் வாசித்த நால்வரிடமும் பாண்டோனியன் இருக்கவில்லை. செலோ அந்த வேலையைப் பார்த்தது.

*நுவரெலியாவிலிருந்து ஒரு தாய்: மகள் வயலின் எட்டாம் தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். டாங்கோ வாசித்தால் கை கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.*

கெடாது அம்மா. பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் சிக்கார்ராவைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வயலின் வாசிப்பவரா?

*பதுளையிலிருந்து ஒரு வாசகர்: நான் கோயில் கச்சேரிகளில் கர்நாடக வயலின் வாசிப்பவன். டாங்கோவில் அந்த வயலின்காரர் இழுத்த இழுப்பெல்லாம் நமக்குக் கைவந்ததுதானே! நாங்கள் இறங்கினால் அவர்களைவிட நன்றாக வாசிக்கமாட்டோமா?*

பாதி சரி, தம்பி. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவதில் உங்கள் விரல் மேலை வயலின்காரரின் விரலைவிடத் துணிச்சலானது. வாய்ப்பாட்டைக் காதால் கேட்டு அப்படியே வில்லில் கொண்டுவரும் பழக்கமும் உங்களுக்கு உண்டு. கார்தேலின் 1935ஆம் ஆண்டுப் பாட்டு 'போர் உனா கபேசா'வை உங்களிடம் கொடுத்தால், தாளைப் பார்த்து வாசிக்கும் என் மாணவர்களைவிட முதல் நாளே அவருடைய மூச்சுக்குக் கிட்டப் போய்விடுவீர்கள்.

மற்றப் பாதி கஷ்டம். நீண்டு நிற்கும் சுரத்தில் உங்கள் விரல் கமகம் போடத் துடிக்கும், அங்கே அது நின்றே ஆகவேண்டும், ஏனென்றால் கீழே பியானோ நாலைந்து சுரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. உங்கள் சுரம் அசைந்தால் அந்தக் கூட்டு முழுவதும் அபசுரமாகிவிடும். அப்புறம் ஆதார சட்சம். பாட்டின் நடுவில் அது இடம் மாறும். பல டாங்கோக்கள் மைனரில் தொடங்கி மேஜருக்குப் போய்த் திரும்பும். தம்புராவை மனதில் வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு முதலில் தரை நழுவுகிறது போலத்தான் இருக்கும். தந்திகளையும் மேலைச் சுருதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ச-ப-ச-ப சுருதியில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். உட்கார்ந்து வாசிப்பதா நின்று வாசிப்பதா என்பதில் எனக்கு வழக்கில்லை.

ஒரு பியானோக்காரரைப் பிடித்து மூன்று மாதம் வாரம் ஒரு முறை உட்காருங்கள். பிறகு எழுதுங்கள், நானே பதுளைக்கு வந்து கேட்கிறேன்.

*தலவாக்கலையிலிருந்து அண்ணன் தங்கை: அண்ணன் கிட்டார், தங்கை புல்லாங்குழல் (மேலைத்தேய ஃப்ளூட்). எங்களுக்கு ஏற்ற டாங்கோ இருக்கிறதா? தாள்களை இணையத்தில் எடுத்து போட்டோகொப்பி அடிக்கலாமா? பள்ளி நண்பர்கள் இருவர் வயலினும் செலோவும் வாசிப்பார்கள்.*

உங்கள் இருவருக்கென்றே பியாசொல்லா எழுதியது போல ஒன்று இருக்கிறது: 'டாங்கோவின் வரலாறு', 1986இல் வந்தது, ஃப்ளூட்டுக்கும் கிட்டாருக்கும். நாலு பகுதிகள். 1900ஆம் ஆண்டின் விடுதி, 1930இன் காப்பிக் கடை, 1960இன் இரவு விடுதி, கடைசியாக இன்றைய கச்சேரி மேடை. முதல் பகுதி துள்ளலாக இருப்பதால் எல்லாரும் அதில்தான் கைவைப்பார்கள், தங்கச்சிக்கு மூச்சு போதாமல் போகும். 'காப்பிக் கடை' பகுதியிலிருந்து தொடங்குங்கள். மெதுவானது, அண்ணனுக்குத் தனியாக வாசிக்க நல்ல இடம் இருக்கிறது.

போட்டோகொப்பி விஷயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். பியாசொல்லா 1992இல் காலமானவர், ஆகவே அவருடைய தாள்களைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். பழையவர்களிடம் போனால் சிக்கல் இல்லை. 'எல் சோக்லோ'வின் ஆங்கெல் வில்லோல்தோ 1919இலும், கார்தேல் 1935இல் விமான விபத்திலும், 'லா கும்பர்சிதா'வின் ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரிகேஸ் 1948இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய மூல மெட்டுகளை எடுத்து, உங்கள் நால்வருக்கும் ஏற்றபடி நீங்களே எழுதிக்கொள்ளலாம். வேறொருவர் பிற்காலத்தில் எழுதிய அலங்காரத்தை மட்டும் பிரதி எடுக்காதீர்கள், அதற்கு உரிமை தனி.

'லா கும்பர்சிதா'வே போதும் தொடங்குவதற்கு. மெட்டு ஃப்ளூட்டுக்கு, எதிர்மெட்டு வயலினுக்கு, கிட்டாருக்கு நாலு அடியும். செலோவுக்குப் பேஸ் வரியைக் கொடுங்கள். செலோக்காரப் பையன் எனக்கும் ஒரு மெட்டு வேண்டும் என்று நிச்சயம் அடம்பிடிப்பான்; இரண்டாம் பகுதியில் எட்டு அட்சரம் கொடுத்துச் சமாளியுங்கள், அதற்குமேல் வேண்டாம்.